குளத்து நீரும் குறிப்பேடும்



தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம்மில் பலருக்கு, பிறந்த ஊரை நினைத்தவுடன் மனக்கண்முன் வந்து நிற்பது ஒரு நீர்நிலையாகும். சிலருக்கு அது கோயில் திருக்குளம்; சிலருக்கு ஊருணி; இராமநாதபுரத்தாருக்குக் கண்மாய்; செங்கற்பட்டுப் பக்கத்தாருக்கு ஏரியும் தாங்கலும். ஆனால், நாம் வாழவந்த ஊர்களிலும் குளங்கள் உள்ளன என்பதை ஏனோ மறந்துவிடுகிறோம். கர்நாடகத்தில் அதற்குக் கெரெ என்று பெயர்; ராஜஸ்தானத்தில் ஜோஹட்; வங்காளத்தில் புகுர். அவற்றை நாம் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். 'பச்சைத் தண்ணீர்' என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.

அந்தப் பச்சைத் தண்ணீரைப் பற்றித்தான் இன்று பேசவிருக்கிறோம். அதனுள் வாழும் பாசிகளும் சிற்றுயிர்களும் எவை, அவற்றை ஒரு மாணவர் தாமாகவே காண்பது எவ்வாறு, அவ்வாறு கண்டு எழுதிவைப்பதால் யாருக்கு என்ன பயன் என்பவையே நம் பொருள். சொல்ல வந்ததை முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒருமுறை பார்த்தவர் குளத்தை அறிந்தவராகார். வெவ்வேறு வேளையிலும் வெவ்வேறு பருவத்திலும் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதிவைத்தவரே அதனை அறிந்தவராவார்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுவோம். நீரில் தம் போக்கில் நீந்திச் செல்லும் வலிமையின்றி, அலையும் காற்றும் கொண்டுசெல்லும் திசையில் மிதந்து திரியும் நுண்ணிய உயிர்களுக்குப் பிளாங்க்டன் என்று பெயர். 'அலைந்து திரிவது' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஜெர்மானிய விஞ்ஞானி விக்டர் ஹென்சன் 1887-இல் இப்பெயரை அமைத்தார். நாம் இவற்றை மிதவை உயிர்கள் எனலாம். இவற்றுள் ஒரு பிரிவு பச்சையம் கொண்ட பாசிகள். சூரிய ஒளியைக் கொண்டு தம் உணவைத் தாமே சமைத்துக்கொண்டு, பிராணவாயுவை வெளிவிடுபவை அவை. மற்றொரு பிரிவு, அப்பாசிகளை மேய்ந்து வாழும் சிறு பிராணிகள். புல்லும் ஆடும் போல என்று கொள்ளலாம். கடலில் மிதக்கும் பாசிகளைப் பற்றி ஒன்று சொன்னால் இவற்றின் பெருமை விளங்கும். உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி அவற்றால் நிகழ்வதாகும். கண்ணுக்குத் தெரியாத பயிர்தான். ஆனால் காடுகளுக்கு நிகரான பயிர்.

இவற்றை முதன்முதலில் கண்டு எழுதியவர் பெரிய கலாசாலையில் பயின்றவர் அல்லர். ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் என்னும் ஊரில் துணி வியாபாரம் செய்த லீவன்ஹூக் என்பவர் அவர். தம் ஊரிலிருந்து இரண்டு மணி நேர நடைத் தூரத்தில் பெர்கெல்ஸே மீர் என்றோர் ஏரி இருந்தது. குளிர்காலத்தில் தெளிந்திருக்கும் அதன் நீர், கோடையில் வெண்மையாகி, அதில் பச்சை மேகங்கள் போன்றவை மிதப்பதை அவர் கவனித்தார். பனி விழுவதால் அப்படி ஆகிறது என்று அவ்வூரார் சொல்லிவந்தனர். அவரோ 1674-ஆம் ஆண்டில் அந்நீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்துவந்து, தாமே தேய்த்துச் செய்த வில்லையின் வழியே நோக்கினார். திருகுசுருள் போலப் பச்சை வரிகள் சுற்றிச் சுற்றி அமைந்த இழைகளையும், அவற்றிடையே ஓடித் திரியும் பல வகைச் சிற்றுயிர்களையும் கண்டு, லண்டன் ராயல் சொஸைட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்த இழைகள் இன்று நம் பள்ளிப் பிள்ளைகள் ஸ்பைரோகைரா என்று படிக்கும் பாசியே என்று கருதப்படுகிறது. இங்கே நாம் கவனிக்கவேண்டுவது ஒன்றுண்டு. குளிர்காலத்து நீரையும் கோடை நீரையும் ஒப்பிட்டுப் பார்த்தமையால்தான் அவருக்குக் கேள்வி பிறந்தது. வில்லை அதற்குப் பிறகு வந்த துணை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கொல்கத்தாவின் தென்பகுதியில் லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல நெடுங்காலமாக வாழ்ந்துவருகின்றன. நமக்குப் பழக்கமான அத்தகைய குடும்பம் ஒன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, கல்லூரியில் தாவரவியல் பயில்பவள், வீட்டுக்குச் சற்றுத் தெற்கே உள்ள சிறு புகுர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டுக் காலம் அதனைக் கவனித்தாள். அவள் குறிப்பேட்டைப் படிக்கும் வாய்ப்பும், சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு படித்துறைக்குச் செல்லும் வாய்ப்பும் நமக்குக் கிட்டின.

அவளுடைய கருவிகள் எவை என்று கேட்டால் நீங்கள் வியப்பீர்கள். ஊறுகாய் வைத்திருந்த கண்ணாடி ஜாடி ஒன்று, வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று, வெப்பமானி ஒன்று. நெருங்கிய இழையுள்ள பழைய நைலான் துணியைக் கூம்புபோலத் தைத்து, வாயில் கம்பி வளையமும் முனையில் சிறு குப்பியும் கட்டி, வலை ஒன்று செய்துகொண்டாள். 1832-இல் டார்வின் கப்பலின் பின்னால் கட்டி இழுத்த வலையும் துணியால் ஆன ஒரு பைதான். வாரம் ஒருமுறை கல்லூரியில் மைக்ராஸ்கோப்பு கிடைக்கும். அது கிடைக்காத மாணவர்களுக்கும் இப்போது வழியுண்டு. நம் நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரியும் மனு பிரகாஷ் என்னும் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 2014-இல் அறிவித்த காகித மைக்ராஸ்கோப்பு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தக்கது. பொருளை ஏறத்தாழ 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது.

இன்னொரு கருவியும் அவளிடம் இருந்தது. இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தகடு. அதனை நான்கு பாகமாக்கி, ஒன்று விட்டு ஒன்று கறுப்பும் வெள்ளையும் பூசியிருந்தாள். நடுவில் கயிறு, கயிற்றில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு, அடியில் கனத்துக்கு ஒரு கல். தகட்டை நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை முடிச்சுக்களால் கணக்கிடவேண்டும். இத்தாலியப் பாதிரியாரும் வானநூல் அறிஞருமான செக்கி என்பவர் 1865-இல் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தகடுகளை இறக்கிச் சோதித்த முறையின் வழிவந்தது இது. நீரில் மிதப்பவை பெருகப் பெருகத் தகடு மறையும் ஆழம் குறையும். கடலிலும் ஏரியிலும் இன்றும் விஞ்ஞானிகள் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

குறிப்பேட்டில் அவள் வரைந்துகொண்ட பத்திகள் இவை: நாள், நேரம், வானத்தின் நிலை, நீரின் நிறம், மணம், வெப்பம், தகடு மறைந்த ஆழம், கண்ட உயிர்கள். அவளுடைய ஆசிரியை ஒரு விதி சொல்லியிருந்தார். பெயர் தெரியாத உயிரைக் கண்டால் முதலில் படம் வரையவேண்டும், கண்டதை எழுதவேண்டும், பெயரை அதன் பிறகு தேடலாம். இது நல்ல விதி. பெயர் தெரிந்தவுடன் பார்ப்பதை நிறுத்திவிடுவது நம்மில் பலருக்கும் உள்ள வழக்கமன்றோ?

அக்குளத்தின் மீன்களைக் காவல் காத்துவந்த முதியவர் ஒருவர், முதல் வாரத்தில் அவளைக் கண்டு வியந்தார். வங்காளத்திலும் நம்மைப் போலவே இளம்பெண்களை 'மா' என்று அழைப்பர். "இந்த அழுக்குத் தண்ணீரில் என்ன தேடுகிறாய், மா?" என்று கேட்டார். "இதில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கிறேன், தாது" என்றாள் அவள். தாது என்றால் தாத்தா. "நேற்றும் பார்த்தாயே!" என்றார் கிழவர். "நேற்று இருந்தது இன்று இல்லையே, தாது" என்பது அவள் விடை. விளையாட்டாகச் சொன்னது போலிருந்தாலும் அது முற்றிலும் உண்மை.

சித்திரை மாதத்துக் குறிப்பு ஒன்றைப் பாருங்கள். காலை ஆறு மணிக்குக் குளத்தின் ஓரத்தில் பச்சை நிறத்தில் மெல்லிய ஆடை படர்ந்திருந்ததாக எழுதியிருக்கிறாள். அதே நாள் நண்பகலில், அதே இடத்தில், செங்கற்பொடி தூவியது போல் நீர் சிவந்திருந்ததாக எழுதியிருக்கிறாள். மாலையில் மீண்டும் பச்சை. காலையில் பார்த்தவர் பச்சைக் குளம் என்பார். பகலில் பார்த்தவர் சிவப்புக் குளம் என்பார். இருவரும் வாதிட்டால் முடிவே இராது. இதற்குக் காரணமாயிருப்பது யூக்ளினா வகையைச் சேர்ந்த ஓர் ஓரணு உயிர். அதன் உடலில் பச்சையமும் உண்டு. சிவந்த நிறப்பொருளும் உண்டு. வெயில் கடுமையாகும்போது சிவப்புத் துகள்கள் உடலின் மேற்புறத்தில் பரவிப் பச்சையத்தை மறைத்துக் காக்கின்றன. ஒளி குறைந்ததும் உள்ளே ஒடுங்குகின்றன. வெயிலுக்கு நாம் குடை பிடிப்பது போன்ற ஏற்பாடு இது. சில ஊர்களில் குளம் இரத்தமாயிற்று என்று மக்கள் அஞ்சுவது இத்தகைய உயிர்கள் பெருகுவதால்தான்.

நேரத்தின் விளையாட்டு இதனோடு முடியவில்லை. ஸ்பைரோகைராப் பாசி காலையில் நீருக்கடியில் பட்டு நூல்போலக் கிடக்கிறது. வெயில் ஏறியதும் அது வெளிவிடும் பிராணவாயு குமிழிகளாகச் சிக்கிக்கொள்ள, நண்பகலில் பாசித் திரள் மேலே வந்து மிதக்கிறது. நீர்த்தெள்ளு என்று நாம் அழைக்கத்தக்க டாஃப்னியா, மொய்னா முதலிய சிறு பிராணிகள், பகலில் கீழ்நீரில் மறைந்திருந்து இரவில் மேலேறி வருகின்றன. மீன்களின் கண்ணுக்குத் தப்புவதற்கே அவை இருளில் மேய்கின்றன என்பது விஞ்ஞானிகள் பலர் கூறும் விளக்கம். நம் மாணவி பகலில் வலைவீசியபோது இரண்டொன்று கிடைத்த இடத்தில், அந்திக்குப் பின் வீசியபோது ஜாடி முழுவதும் அவை துள்ளின. அவற்றின் உடல் கண்ணாடி போன்றது. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் இதயம் துடிப்பதையும், முதுகுப் பையில் முட்டைகள் இருப்பதையும் காணலாம். அதனை முதன்முறை காணும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு பூதக்கண்ணாடி வாங்கலாம்.

வேளைக்கு வேளை மாறுவது போலவே பருவத்துக்குப் பருவமும் குளம் மாறுகிறது. மார்கழி, தை மாதங்களில் நீர் தெளிந்து, தகடு ஆழத்தில் மறைகிறது. அப்போது படித்துறைக் கற்களில் பொன்னிறமான வழுக்கல் படிகிறது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு நாம் அஞ்சி அஞ்சிக் கால்வைக்கும் அந்த வழுக்கலில் டயாட்டம் என்னும் பாசிகள் நிறைந்துள்ளன. அவற்றின் ஒவ்வோர் அணுவும் மணற்சத்தாலான கண்ணாடிப் பேழைக்குள் வாழ்கிறது. அதே குளிர்காலத்தில் நீர்க்கொடிகளின் இலையடியில், நூல் போன்ற கைகளை நீட்டிக்கொண்டு தொங்கும் ஹைட்ராவையும் அவள் கண்டாள். கோடையில் எவ்வளவு தேடியும் அது அகப்படவில்லை.

இதே செய்தியை அதே நகரில் வேறொருவர் முன்பே எழுதியிருக்கிறார். 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறை கல்கத்தாவில் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக இருந்த நெல்சன் அன்னன்டேல், காட்சிசாலை வளாகத்துக் குளம் முதலாக நகரத்துக் குளங்களைப் பருவந்தோறும் ஆராய்ந்தவர். நன்னீர்க் கடற்பஞ்சுகளையும் ஹைட்ராக்களையும் பற்றி அவர் எழுதிய நூல் 1911-இல் வெளியாயிற்று. கல்கத்தாவில் ஹைட்ரா குளிர்காலத்தில் மிகுந்தும் வெயில் காலத்தில் அரிதாகியும் காணப்படுவதை அவர் குறித்துள்ளார். தொலைதூரக் காடுகளுக்குச் செல்லாமல், தம் அலுவலகத்துக்கு எதிரே இருந்த குளத்தையே அவர் ஆராய்ச்சிக் களமாக்கிக்கொண்டது மாணவர்கள் நினைவிற்கொள்ளத் தக்கது.

இனி, இத்தகைய குறிப்பேடு பொழுதுபோக்குக்கு மட்டுமன்று என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்வோம். ஆவணி மாதத்தில் ஒரு வாரம் வானம் மூடியே கிடந்தது. காற்றில்லாத புழுக்கம். குளத்தின் மேல் பச்சைச் சாயத்தைக் கொட்டியது போல் ஏடு படர்ந்தது. மைக்ரோஸிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சை உயிரின் பெருக்கம் அது. தகடு ஒரு சாணுக்குள்ளேயே மறைந்தது. இது நன்றன்று என்பது மாணவிக்குக் குறிப்பேட்டிலிருந்து தெரிந்தது. முதியவருக்கோ கையிலிருந்து தெரிந்தது. மீன் வளர்ப்போர் கையை முழங்கை வரை நீரில் அமிழ்த்தி உள்ளங்கை தெரிகிறதா என்று பார்ப்பர். பச்சை நீரில் மிக மேலேயே கை மறைந்தால் பாசி அளவு மீறிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. இருவர் கணக்கும் ஒன்றாகவே இருந்தது.

பாசி பெருகினால் பிராணவாயுவும் பெருகவேண்டுமே, ஆபத்து எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். பகலில் பெருகத்தான் செய்கிறது. ஆனால் சூரியன் மறைந்ததும் பாசி பிராணவாயுவை ஆக்குவதில்லை. மற்ற உயிர்களைப் போல அதுவும் சுவாசித்துச் செலவிடுகிறது. இரவெல்லாம் பாசியும் மீனும் அடிச்சேற்றுக் கிருமிகளும் போட்டியிட்டுச் செலவிட, விடியற்காலைக்குச் சற்று முன்பு நீரில் பிராணவாயு மிகக் குறைந்துவிடுகிறது. முதல்நாள் வானம் மூடியிருந்தால் சேமிப்பும் குறைவு. அவ்வேளையில்தான் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து தவிக்கின்றன, சாகின்றன. பகல் பத்து மணிக்கு வந்து நீரைச் சோதிப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்ற வதந்தியும் பிறக்கும்.

அன்று மீனுக்குத் தீனி போடுவதை நிறுத்தினர். மறுநாள் விடிவதற்கு முன்பே முதியவரும் தெருவாசிகள் சிலரும் பம்பு வைத்துப் புதுநீர் பாய்ச்சினர். மூங்கிற்கழிகளால் நீரை அடித்துக் கலக்கினர். சிறு மீன்கள் பல செத்து மிதந்தன. பெரியவை பெரும்பாலும் பிழைத்தன. அந்தக் குளத்தை நம்பி நான்கு குடும்பங்கள் வாழ்கின்றன என்பதைச் சொன்னால் இதன் மதிப்பு உங்களுக்கு விளங்கும். இத்தகைய ஏடு படர்ந்த நீரில் நஞ்சும் இருக்கக்கூடும் என்பதால், அதில் குளிப்பதும், கால்நடைகளைக் குடிக்கவிடுவதும் தவறு. அந்த நஞ்சு காய்ச்சினாலும் நீங்குவதில்லை என்பதை இல்லத்தரசிகள் குறித்துக்கொள்ளவேண்டும்.

மிதவை உயிர்களுக்கும் மனிதரின் நோய்க்கும் உள்ள தொடர்பிலும் வங்காளத்துக் குளங்களுக்கு ஓர் இடமுண்டு. 1884-இல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் கல்கத்தாவில் காலராவை ஆராய்ந்தார். நகரின் புறத்தே, அந்நோய் பரவியிருந்த குடியிருப்பொன்றின் குளத்து நீரிலும் அதன் கிருமியை அவர் கண்டார். அக்கிருமி, கோப்பிபாடு என்னும் சிறு மிதவைப் பிராணிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு வாழக்கூடியது என்பது அதற்கு வெகுகாலம் பின்னர்த் தெளிவாயிற்று. கிருமி துணியின் இழைகளுக்கிடையே நழுவிவிடும் அளவு சிறியது. அது ஒட்டியிருக்கும் பிராணியோ அப்படியன்று. ஆகவே பழைய பருத்திச் சேலையைப் பல அடுக்காக மடித்து வடிகட்டினால் என்ன என்று ரீட்டா கால்வெல் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் வங்கதேசத்து விஞ்ஞானிகளும் அந்நாட்டுக் கிராமங்களில் சோதித்துப் பார்த்தனர். காலரா 48 சதவிகிதம் குறைந்ததாக 2003-இல் அறிவித்தனர். காய்ச்சிய நீருக்கு இது ஈடாகாது; ஆயினும் விறகுக்கும் வழியில்லாத வீட்டில், தாயின் பழஞ்சேலையே ஒரு பாதுகாப்பாயிற்று.

நரம்புச் சிலந்தி நோயின் கதையும் இத்தகையதே. படிக்கிணறுகளிலும் குளங்களிலும் வாழும் சைக்ளாப்ஸ் என்னும் சிற்றுயிரை நீரோடு விழுங்குவதால் அந்நோய் வந்தது. ஜாடியை வெளிச்சத்தில் பிடித்தால் வெண்புள்ளிபோல் விட்டுவிட்டுத் துள்ளுவது அதுதான். துணியால் வடிகட்டிக் குடிக்கச் செய்ததும், கிணறுகளைத் திருத்தியதும், அடிகுழாய்கள் அமைத்ததும் சேர்ந்து அந்நோயை ஒழித்தன. நம் நாட்டில் கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானத்தில் காணப்பட்டார்; 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயினின்றும் விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

தீமையை மட்டும் சொல்லி முடித்தல் முறையன்று. கொல்கத்தாவின் கிழக்கே ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்பில் சதுப்பு நிலங்கள் பரந்துள்ளன. அங்கே பேரி எனப்படும் ஆழமற்ற மீன்குளங்களில் நகரத்துக் கழிவுநீரை விடுகின்றனர். வெயிலில் கிருமிகள் கழிவைச் சிதைக்கின்றன. சிதைந்த சத்தைப் பாசி உண்டு பிராணவாயு தருகிறது. பாசியை நீர்த்தெள்ளு உண்கிறது. மேல்நீரில் கட்லாவும், நடுநீரில் ரோகுவும், அடிநீரில் மிருகாலும் வளர்கின்றன. நகரத்துக்கு மீனும் கிடைக்கிறது, நீரும் தூய்மையாகிறது. எந்த நாளில் எவ்வளவு கழிவுநீர் விடலாம் என்பதை மீனவர்கள் நீரின் நிறம் கண்டே முடிவுசெய்கின்றனர். பல தலைமுறைகள் பார்த்துப் பார்த்துப் பெற்ற அறிவு அது. துருபஜ்யோதி கோஷ் என்னும் பொறியியலறிஞர் அந்த அறிவை உலகுக்கு எடுத்துரைத்தார். 2002-இல் அந்நிலம் ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பாதுகாக்கவேண்டிய இடமாக ஏற்கப்பட்டது.

பாசியை ஆராய்ந்தவர்களுள் நம்மவர் ஒருவரையும் சொல்லவேண்டும். சென்னையில் பேராசிரியராக விளங்கிய எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார், 1886-இல் பிறந்து 1963-இல் மறைந்தவர், இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். பச்சைப் பந்துபோல் நீரில் உருண்டு செல்லும் வால்வாக்ஸ் குடும்பத்துப் பாசிகளைத் தென்னிந்திய நீர்நிலைகளில் தேடி ஆராய்ந்து, 1933-இல் அவர் வெளியிட்ட கட்டுரை புகழ் வாய்ந்தது. அவர் மாணவர் டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி எழுதிய பெருநூல் 1959-இல் புதுடில்லியில் வெளியாயிற்று. குளத்தில் தீங்கு செய்த அந்த நீலப்பச்சை இனத்தின் வேறு சில வகைகள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி நெல்வயலுக்கு உரமாக்குகின்றன என்பதை 1939-இல் டாக்காவிலிருந்து பி. கே. தே என்பவர் நிறுவினார். ஒரே இனத்தைச் சேர்ந்தவை ஓரிடத்தில் உரமும் ஓரிடத்தில் நஞ்சுமாவதை நேரில் பாராமல் யார் நம்புவார்?

பார்க்கும் பழக்கம் நமக்குப் புதியதன்று. ஊரார் நீருண்ணும் துறையில் படர்ந்த பாசி, கைபட்டால் ஒதுங்குவதையும், கை எடுத்தால் மீண்டும் மூடிக்கொள்வதையும் கண்டு, அதனைக் காதலியின் பசலைக்கு உவமையாக்கியிருக்கிறார் குறுந்தொகைப் புலவர் பரணர். குளக்கரையில் நெடுநேரம் நில்லாத ஒருவர்க்கு அந்த உவமை தோன்றியிராது.

ஆகவே, வெளிமாநிலங்களில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பேட்டையிலும் ஒரு குளமோ ஏரியோ இருக்கும். வாரத்தில் ஒருநாள், ஒரே இடத்தில், காலையும் மாலையுமாக இருமுறை, பிள்ளைகளை அழைத்துச் சென்று பார்க்கச் செய்யுங்கள். தனியே அனுப்பாதீர்கள், பாசிப் படிகளில் இறங்கவிடாதீர்கள், திரும்பியதும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவச் செய்யுங்கள். பிடித்த உயிர்களைப் பிடித்த குளத்திலேயே விடவேண்டும். ஒரு குளத்துக் கொடியை மற்றொன்றில் போடலாகாது. குறிப்பை எந்த மொழியில் எழுதினாலும் நன்றே. ஆயினும் நம் சொல்லையும் அருகே எழுதச் சொல்லுங்கள். உள்ளூர்ச் சொல்லையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நம் பாசி கன்னடத்தில் பாச்சி, மலையாளத்தில் பாயல், தெலுங்கில் நாச்சு, ஹிந்தியில் காயி, வங்காளியில் ஷேவ்லா. அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே உங்கள் பிள்ளை அவ்வூர் மீனவரிடமோ, துறையில் துணி துவைப்பவரிடமோ பேசவேண்டி வரும். வாழவந்த ஊரோடு உறவு கொள்ள அதுவும் ஒரு வழி.

ஓராண்டு நிறைந்ததும் அந்தக் குறிப்பேட்டை எறிந்துவிடவேண்டாம். குளத்து நீர் ஏன் நாறுகிறது, மீன் ஏன் செத்தது, இங்கே முன்பு என்ன வாழ்ந்தது என்று ஊரார் கேட்கும் நாள் வரும். அன்று, நாளும் நேரமும் இட்டு எழுதிய ஒரு மாணவரின் குறிப்பேடே அந்தக் குளத்தின் சார்பில் நிற்கக்கூடிய நல்ல சாட்சியாக இருக்கும்.